பொழுது படாத மலையில் பூ ஆய்ந்தவள்

கமலினி மெல்பேர்ணுக்கு வந்து ஐந்து வருடம். ஐந்து வருடமும் தாவரக் காப்பகத்தில் ஒரே வேலைதான். ஊர் உலகத்திலிருந்தெல்லாம் வரும் காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, மூலையில் சீட்டெழுதுவாள். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் யார் யாருடைய பெயரையோ முத்து முத்தான எழுத்தில் எழுதி எழுதி, ஒரேயொரு தாளிலாவது தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆசையாகிவிட்டது.

1976 ஜூனில் அதற்கு வழி பிறந்தது. ஆராய்ச்சியாளர் ரூத்துக்கு உதவியாக நோர்வேயின் வடகோடிக்கு அனுப்பினார்கள். டிராம் ஓட்டும் கணவன் சிறிதரன் சும்மா இருப்பாரா? லீவு போட்டு, வாகனம் ஓட்டவும் சோறு காய்ச்சவும் ஆள் வேண்டாமா என்று தானும் தொற்றிக்கொண்டார்.

அங்கே கோடை தொடங்கும் காலம் என்று பேர். மழை, ஆலங்கட்டி, கண் கூசும் வெயில், எல்லாம் ஒரே மணித்தியாலத்துக்குள் வந்து போயின. பத்தாம் நாள் ரூத் பாறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். அவள் தேடி வந்த எட்டிதழ் வெள்ளைப் பூ மலைச்சரிவில் பூத்திருப்பதாகத் தகவல் வந்ததும் அன்றுதான். விடியப் பனி கொட்டும் என்றது ரேடியோ. "நீ போய் எடுத்தால் சீட்டில் உன் பெயர்தான்" என்றாள் ரூத்.

வழியில் ஆறு பெருகியிருந்ததால் சுற்றிப் போனதில், சரிவுக்குப் போய்ச் சேர இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. வந்த நாள் முதல் ஒன்பதுக்கே திரையை இழுத்து மூடிப் படுத்துவிடும் கமலினி, மணிக்கூட்டைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்னாலை ஏலாது. பொழுதுபட்டாப் பிறகு பூ ஆயிறேல்லை. செடியள் நித்திரை கொள்ளுற நேரம்."

மெல்பேர்ண் வீட்டுத் தோட்டத்தில்கூட விளக்கு வைத்த பிறகு ஒரு செவ்வந்தியை அவள் பறித்ததில்லை. ஆசை ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். அழுகையே வந்துவிட்டது.

சிறிதரனுக்குப் பொறுமை போயிற்று. "மணிக்கூட்டைப் பாக்கிறீர், வானத்தைப் பாக்கிறீரில்லை. எங்கை பொழுதுபட்டது? காட்டும் பாப்பம்!"

நிமிர்ந்தாள். மெல்பேர்ணில் மத்தியானச் சூரியன் நிற்கும் அதே வடக்கில், கடலுக்குச் சற்று மேலே, சூரியன் பளிச்சென்று நின்றது. குனிந்தாள். சரிவு முழுக்க வெள்ளைப் பூக்கள் அந்தச் சூரியனுக்கே முகம் கொடுத்து விரிந்திருந்தன.

"ஐயோ, ஒண்டும் நித்திரை கொள்ளேல்லையப்பா!" என்று கத்தினாள். ஈரத் தரையில் முழங்காலூன்றி ஆயத் தொடங்கினாள். சிறிதரன் பையைப் பிடித்தபடி பின்னாலேயே நகர்ந்தார். முப்பது செடிகள் சேர்ந்தன. ரேடியோ சொன்னபடியே விடியப் பனி கொட்டியது.

ஓகஸ்டில், ஒட்டி முடித்த தாளைக் காட்ட அவரை வேலையிடத்துக்கே கூட்டிப் போனாள். சேகரித்தவர், கமலினி.

"என்ரை பேர் எங்கை?" என்றார், பகிடியாக.

"பை பிடிச்ச ஆக்களுக்குப் பேர் போடுறேல்லை. அஞ்சு வருசமாய் எனக்கும் அதுதானே சட்டம்" என்று சிரித்தவள், தன் பெயருக்குக் கீழே விரலை வைத்தாள். 'உடன் சென்றவர், சிறிதரன்.'

அவர் சட்டைப் பைக்குள் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.