சபைக்கூடத்தில் நிறுத்திய உருளை

யார்க்‌ஷயரில் ஆலைப் புகை படிந்த அந்தச் சின்ன ஊரில் கெசியாவை யாரும் கெசியா என்று சொன்னதில்லை. ஹாலின்ஸ் பெண்டாட்டி, அவ்வளவுதான். செருப்புத் தைக்கும் ஜேபஸ் ஹாலின்ஸுக்கு அப்படிப்பட்ட பேர். ராணியின் சர்ச்சுக்கு வரி கட்டமாட்டேன் என்று வருஷா வருஷம் மறுக்கிறவர். "என் மனசாட்சிக்கு நான்தான் எஜமான்! ஒருத்தன் சாமிக்காக இன்னொருத்தன்கிட்ட பிடுங்குறது திருட்டு!" என்று, ராணியின் சர்ச்சில் சேராத தங்கள் பாப்டிஸ்ட் சபையில் அவர் முழங்கினால் கூரை அதிரும். கடைசி பெஞ்சில் கெசியாவும் கை தட்டுவாள். மனசாரத்தான் தட்டுவாள்.

வரி கட்டாதவர் வீட்டில் சாமான் ஜப்தி. ஒரு வருஷம் கடிகாரம் போயிற்று, இன்னொரு வருஷம் நாற்காலிகள். இந்தத் தடவை ஜப்திக்காரன் நேராக அடுப்படிக்குள் போய் உருளையில் கை வைத்தான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஈரத்துணியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பிழிகிற உருளை. கெசியாவுக்கு அவள் அம்மா விட்டுப்போன ஒரே சொத்து. தெருவில் பாதி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அதில்தான் பிழிந்து கொடுத்து நாலு காசு பார்த்தாள்.

"தொடாதீங்க! அது என்னுது. வரி அவர் பேர்லதானே?"

ஜப்திக்காரன் சிரித்தான். "கல்யாணம் ஆன அன்னைக்கே எல்லாம் அவருதாயிடுச்சும்மா. சட்டம் அப்படி. வேணும்னா உன் வீட்டுக்காரரையே கேளேன்."

கெசியா புருஷனைப் பார்த்தாள். அது அவளுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஜேபஸ் நெஞ்சை நிமிர்த்தினார். வாசலில் கூடிய ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "தூக்கிட்டுப் போங்கய்யா! என் உருளையைத் தூக்கலாம், என் மனசாட்சியைத் தூக்க முடியாது!"

வெளியே ஒரே ஆரவாரம். கெசியாவுக்குக் காது அடைத்துவிட்டது. என் உருளையா? இந்த மனுஷன் அதன் கைப்பிடியை ஒரு நாளாவது தொட்டிருப்பாரா?

ஏலத்தில் சபைக்காரர்களே அதை மீட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் உருளை வீடு வந்து சேரவில்லை. நீல ரிப்பன் கட்டி, 'மனசாட்சி விடுதலையின் சின்னம்' என்று பலகை மாட்டி, சபைக்கூடத்து முன்னறையில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்னவரே ஜேபஸ்தான்.

"அப்ப நான் எதுலங்க துணி பிழியறது?"

"எவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கு! உனக்கு ஈரத்துணிதான் பெருசாப் போச்சா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையே, அதுதான் அவளை உலுக்கிவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை, ஊரே துணி வெளுக்கிற நாள். சபைக்கூடத்தில் வெளியூர்ப் பெரிய மனிதர்களுக்கு முன்னால் ஜேபஸ் எழுந்தார். "ஒருவன் சம்மதம் இல்லாமல் அவன் பொருளைத் தொட ராணிக்கே உரிமை கிடையாது..."

முன்னறையில் கிறீச், கிறீச் என்று சத்தம். கதவிடுக்கில் தண்ணீர் வழிந்து வந்தது.

கதவைத் திறந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெண்கள் வாய் திறக்காத இடம் அது. அங்கே கெசியா, நீல ரிப்பனால் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூடை கூடையாக விரிப்புகள்.

"என்னடி இது! யாரைக் கேட்டுடி இதைத் தொட்டே?" என்று கத்தினார் ஜேபஸ்.

"அதையேதாங்க அன்னைக்கு நானும் கேட்டேன்" என்றாள் கெசியா.

ஜேபஸ் பலகையைப் பார்த்தார், அவள் தலையில் இருந்த நீல ரிப்பனைப் பார்த்தார்.

"விரிப்பு தரையில படுது. இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? இஷ்டமில்லேன்னா வேணாம்."

அவர் பேச்சுத் தாளைப் பைக்குள் திணித்துவிட்டுக் குனிந்து பிடித்தார். ஈர விரிப்பு இவ்வளவு கனக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.