நர்ஸ் சொன்னதில் பாதி

நோயாளியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதுதான் என் வேலை. இதில் நோயைவிடப் பெரிய தொல்லை பஸ், அதைவிடப் பெரிய தொல்லை நோயாளியின் வாய்.

கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓ.எல். பரீட்சையில் கணக்கைக் கோட்டை விட்டு வீட்டில் இருந்தேன். மாத்தளை டவுனில் வளர்ந்ததால் சிங்களம் நன்றாக வரும். தேயிலைத் தோட்டத்துப் புற்றுநோயாளிகளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், அங்கே சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று எங்கள் சர்ச் ஃபாதர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அம்மா சரி என்றுவிட்டார்.

அட்டை

முதலில் வந்தவர் லெட்சுமி அக்கா. கொழுந்து எடுப்பவர். மார்பிலிருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. இனி ஐந்து வாரம் விடாமல் கரண்ட் வைக்க வேண்டும்; கதிர்வீச்சுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டார்: ஒரு நாள் சும்மா திருப்பி அனுப்பினாலும் அதோடு நிறுத்திவிடுவாராம். வேலையை விட்டுவிட்டு வீணாக அலைய முடியாதாம்.

வழியில் செக்பாயிண்டில் ஆர்மி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை கேட்டது. அக்காவிடம் இல்லை. குடியுரிமை கிடைக்காத தோட்டத்து ஆட்கள் பலருக்கு அது கிடையாது. அவர் நிதானமாகக் கிளினிக் அட்டையை நீட்டினார். சிப்பாய் என்ன நோய் என்று என்னைக் கேட்டான். சொன்னதும் அட்டையைத் திருப்பித் தந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறச் சொன்னான். அக்கா அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார். “இந்த நாட்டுல எனக்குன்னு கெடைச்ச மொத அட்டை இதுதான் பாப்பா.”

ரெண்டு வார்த்தை

எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அக்கா ஆபரேஷனுக்கு முந்திய நாளிலிருந்து தொடங்கினார். கை தூக்க முடியாதது, கூடையை மாற்றித் தோளில் போட்டது, கங்காணி முறைத்தது, புருஷன் வைத்த ரசம் எல்லாம் வந்தது. பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. நான் சிங்களத்தில், “கை வலிக்குதாம்” என்று முடித்தேன். டாக்டர் தலையாட்டினார். அக்கா என்னையே பார்த்தார். “நான் இம்புட்டு சொன்னேனே, மிச்சத்த யாருகிட்ட குடுத்த?”

சோப்பு

அன்றைக்கே கரண்ட் வைக்கும் இடத்தைக் குறித்து உடம்பில் மையால் கோடு போட்டார்கள். நர்ஸ் நிறையச் சொன்னார்: கோட்டில் சோப்புப் போடக் கூடாது, தேய்க்கக் கூடாது, இறுக்கமான சட்டை கூடாது, கோடு அழிந்தால் முதலிலிருந்து. கடைசி பஸ் போய்விடுமே என்று நான், “கவனமா இருக்கணுமாம்” என்றேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அக்கா பளபளவென்று வந்தார். பெரிய டாக்டரிடம் அழுக்காகப் போகலாமா என்று லயத்து வீடுகளின் பொதுப் பைப்பில் நின்று, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துக் குளித்திருக்கிறார். கோடு இருந்த அடையாளமே இல்லை. புதிதாகக் கோடு போட அடுத்த வாரம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத்தளையில் இறங்கும்போது சொன்னார். “நார்கூட புதுசு பாப்பா.”

கண்டி பஸ்

அடுத்த திங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருப்பி அனுப்பினால் வரமாட்டேன் என்றவர். அனுப்ப வைத்தவள் நான். முதல் பஸ் போனது. இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர், ஏறுகிறாயா இல்லையா என்று கத்தினான். ஒரு காலைப் படியில் வைத்து அவனோடு சண்டை பிடித்து பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தேன்.

மார்க்கெட் பக்கமிருந்து லெட்சுமி அக்கா வந்தார், அவசரமே இல்லாமல். ஏறி உட்கார்ந்தார். வரமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் வரலேன்னா நீ யாருக்குச் சுருக்கிச் சொல்லுவ?”

அன்றைக்கு நர்ஸ் தும்மியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா ஐந்து வாரத்தில் ஒரு நாளும் தவறவில்லை. ஆகவே இந்த வேலைக்கு ரெண்டு பாஷை தெரிந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பொறுமையும் வேண்டும், அது எனக்கு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.