பாதி இறக்கிய ஷட்டர்

“உங்க இல்லத்துல முடி வெட்டுறது யாரு?” என்று கேட்டார் அக்கா. நன்கொடை கேட்டு அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கொடுப்பதற்காகத்தான் அன்று நான் அவருடைய கடைக்குப் போயிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

“வார்டன் அம்மாதான்.”

“எதை வச்சு?”

“மெஷின் இருக்கு.”

“ஆட்டுக்கு ரோமம் எடுப்பாங்களே, அதுவா?”

பேன் வந்துவிடும், இருபத்தாறு பேருக்குத் தலைவாரிவிட எங்களிடம் ஆள் கிடையாது என்று சொல்லியிருக்கலாம்.

“காலையில வரிசையா நடக்கப் போவாங்க, பார்ப்பேன். இருபத்தாறு தலையும் ஒரே தலை. யாரு யாருன்னே தெரியறதில்ல.” சீப்பைத் துடைத்துப் போட்டுவிட்டு, “செவ்வாய்க்கிழமை கடை லீவு. நாலு நாலு பேரா கூட்டிட்டு வா. காசு கீசுன்னு பேசக்கூடாது,” என்றார்.

“இந்த நோட்டீஸை என்ன பண்றது அக்கா?”

“வச்சுட்டுப் போ. அந்த நாற்காலி ஒரு பக்கமா ஆடுது, காலுக்கு அடியில வைக்க ஆகும்.”

நான் வேலை பார்க்கும் இல்லம், தெருவிலிருந்தும் மனநல மருத்துவமனையிலிருந்தும் வந்த, திரும்பிப் போக வீடில்லாத பெண்களுக்கானது. இரண்டு மொழிகளில் படித்தவள் என்பதால் உதவி செய்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது என் வேலை. அக்கா, அதே தெருவின் முனையில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். இரண்டு சுழல் நாற்காலிகள், கழுத்தைச் சாய்த்துக் கொள்ளும் ஒரு தொட்டி, மணி பார்த்துப் பெயர் எழுத ஒரு நோட்டு, கூடவே நாத்தனார். கடை அவ்வளவுதான். கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கல்யாணமாகி வந்த புதிதில் பொழுது போகாமல் நாத்தனார் தலையில்தான் வெட்டிப் பழகினாராம். “என் பதினாறு வயசு முழுக்க இவங்க பழகினதுலயே போச்சு. ஒரு போட்டோவுல கூட நான் இல்ல,” என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

இந்த உதவியெல்லாம் ஏன் செய்கிறார் என்று கடிதத்தில் எழுதுவதற்காக ஒருமுறை கேட்டேன். “முடி வெட்டுறவளுக்கு முடிதானே கண்ணுல படும்,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

செவ்வாய்க்கிழமைகள் நன்றாகவே நடந்தன. கடை திறந்திருப்பதாக நினைத்து வாடிக்கையாளர்கள் வந்துவிடக்கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் குனிந்து உள்ளே போவோம். அக்கா ஒவ்வொருவரிடமும் காது தெரியணுமா, மறையணுமா என்று கேட்பார். பலருக்கு அந்தக் கேள்வியே புதிது. எப்படி வெட்டினாலும் “நல்லா இருக்கு” என்பார்கள். கண்ணாடியைப் பார்க்காமலேகூடச் சொன்னார்கள்.

டீச்சரம்மா மட்டும் வரவில்லை. அவர் உண்மையில் டீச்சராக இருந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. படிக்கட்டு, தட்டு, ஜன்னல் கம்பி எதையும் எண்ணிப் பார்க்காமல் கடக்க மாட்டார் என்பதால் வந்த பெயர். செவ்வாய்க்கிழமைகள் தொடங்குவதற்கு முன்பு, எங்களிடம் வந்த வாரம் அவருக்கும் மெஷின்தான். மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு பதினாறு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை, எதையும் எண்ணவும் இல்லை. இப்போது, இரண்டு வருஷத்தில், முடி தோள்வரை வளர்ந்து, பின்பக்கம் கயிறு மாதிரி சடைபிடித்திருந்தது. யாரையும் தொடவிடவில்லை. வார்டனைக் குறை சொல்ல முடியாது, உள்ளே புண் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மெஷின்தான், எனக்கு வேற வழி தெரியல,” என்று சொல்லிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படியோ பேசி டீச்சரம்மாவைக் கடை வாசல்வரை கூட்டி வந்தேன். மற்ற மூவரும் குனிந்து உள்ளே போனார்கள். அவர் ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

அக்கா உள்ளேயிருந்து குனிந்து எட்டிப் பார்த்தார். “வாங்கம்மா.”

“கடை திறந்திருக்கா, மூடியிருக்கா?”

“உங்களுக்காகத்தான் திறந்திருக்கு.”

“அப்ப எதுக்குப் பாதி?”

அக்கா தலையைத் திருப்பி ஷட்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“நான் குனிஞ்சு வரமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா வந்த வழியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை அக்கா இல்லத்துக்கு வந்தார், கையில் பெயர் எழுதும் அந்த நோட்டோடு. டீச்சரம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா இரண்டு படி கீழே உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

“சனிக்கிழமை பதினோரு மணி. உங்களுக்குத் தோதுப்படுமா?”

டீச்சரம்மா அந்தப் பக்கத்தில் இருந்த பெயர்களை விரலால் எண்ணினார். “நான் அஞ்சாவது.”

“ஆமா. உங்களுக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க. பத்து நிமிஷம் முன்ன பின்ன ஆகும்.”

“லேட் பண்ணக்கூடாது,” என்றார் டீச்சரம்மா.

சனிக்கிழமை ஷட்டர் முழுவதும் மேலே போயிருந்தது. டீச்சரம்மா நிமிர்ந்து உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை. எண்ணெய் தடவி, சீப்பின் முனையால், நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். வலித்தால் கையைத் தூக்கச் சொன்னார். டீச்சரம்மா பலமுறை தூக்கினார். தூக்கியபோதெல்லாம் அக்கா நிறுத்தினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மருந்துக்கடை அம்மா வந்தார். சனிக்கிழமை தவறாமல் வருபவர். மருமகள்களையும் தங்கையையும் இந்தக் கடைக்கே அனுப்பி வைப்பவர். மூலையில் உட்கார்ந்திருந்த என்னையும், என் கழுத்தில் தொங்கிய இல்லத்தின் அடையாள அட்டையையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அக்காவை அருகில் கூப்பிட்டு மெல்லிய குரலில்தான் கேட்டார். ஆனால் கடை சின்னது.

“அந்த இல்லத்து ஆளா? அதே சீப்பா எங்களுக்கும்?”

“அதே சீப்புதான். அவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல கழுவுவேன். உங்களுக்கு அப்புறமும் கழுவுவேன்.” அக்காவின் குரலில் கோபமில்லை. “இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகுதும்மா. உட்காருங்க, இல்ல மூணு மணிக்கு வாங்க.”

மருந்துக்கடை அம்மா உட்காரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. நாத்தனார் வாசலைப் பார்த்துக்கொண்டே, “போச்சு அண்ணி. ஒரு தலை போகல, அஞ்சு தலை போச்சு,” என்றார்.

“எண்ணெய்க் கிண்ணத்தை இப்படித் தள்ளு,” என்றார் அண்ணி.

பன்னிரண்டே முக்காலுக்குச் சடை முழுவதும் பிரிந்தது. அதன் பிறகுதான் கத்தரிக்கோல். கழுத்தைத் தொடும் அளவுக்கு வெட்டி, துண்டால் ஒற்றி, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார் அக்கா. டீச்சரம்மா தன் பின்னந்தலையை வெகுநேரம் பார்த்தார்.

“வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானும் இருபது வருஷமா அதையேதான் சொல்றேன்.”

அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “ஆமா, இறங்கித்தான் இருக்கு. உட்காருங்க,” என்று மறுபடி சீப்பை எடுத்தார். எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர்கூட அவரிடம் குறை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் டீச்சரம்மாவின் தலையை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, மெஷினை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

செவ்வாய்க்கிழமைகளில் இப்போது அக்கா கடை நிஜமாகவே லீவு. எங்கள் பெண்கள் மற்ற நாட்களில், நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு, மற்றவர்களுக்கு நடுவே போகிறார்கள். மருந்துக்கடை அம்மாவின் தங்கை இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மருந்துக்கடை அம்மா இன்றுவரை வரவில்லை. அவருடைய மருந்துக்கடையைத் தாண்டும்போது அக்கா இப்போதும் ஒரு வணக்கம் வைக்கிறார். இரண்டு மொழியிலும் நான் எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதத்தை நாத்தனார் உரக்கப் படிக்க, அக்கா பாதியில் நிறுத்தி, “ரெண்டுலயும் ஒரே சங்கதிதானே? போதும்,” என்றாராம். ஆடும் நாற்காலிக்குக் கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டீச்சரம்மா மூன்றாம் முறை முடி வெட்டிக்கொண்ட அன்று, அவரோடு கிளம்பிய என்னை அக்கா வாசலில் நிறுத்தினார். டீச்சரம்மா நாலு அடி முன்னால் போய், கடைகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க அக்கா.”

“அடுத்த தடவை நீ கூட வராதம்மா. இந்த அட்டையை மாட்டிக்கிட்டு நீ மூலையில உட்கார்ந்தா, உள்ள வர்றவங்க முதல்ல உன்னைப் பார்க்கிறாங்க, அப்புறம்தான் டீச்சரம்மாவை. என் கடை நம்பரை மட்டும் அவங்களுக்கு எழுதிக் குடு. அவங்களே போன் பண்ணட்டும், அவங்களே நடந்து வரட்டும். எத்தனை கடை தள்ளின்னு அவங்களுக்குத் தெரியாததா?”

நான் தலையாட்டினேன்.

அக்கா என் தலையை ஒருமுறை பார்த்தார். “நீ வர்றதா இருந்தா, முடி வெட்டிக்க வா. அதுக்கும் போன் பண்ணிட்டு வா.”