ஆட்காட்டியைப் படமெடுக்கப் போன கதை

கமரா வாங்கி ஓராண்டாகியும் நான் எடுத்த படங்களில் தெளிவாக விழுந்தவர் என் மாமனார் ஒருவரே. அவரும் அசையாமலிருந்ததற்குக் காரணம் உறக்கம். இந்தத் தகுதியோடு, குஞ்சு காக்கும் ஆட்காட்டியைப் படமெடுத்து வருவதாகக் கொழும்பில் நாலு பேர் நடுவே வாயைவிட்டேன். அந்தப் பறவையை அதுவரை நான் பார்த்தது புத்தகத்தில்.

அப்போது பதுளைக்கு ரயில் வந்திருக்கவில்லை. பண்டாரவளையில் இறங்கி, குதிரைவண்டியில் பதினெட்டு மைல். ஆசனம் மூன்று ரூபாய். எல்ல என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் வண்டி துள்ளியது. பெட்டிக்குள் படம் பதியும் கண்ணாடித் தகடுகள் சலங்கை கட்டி ஆடின. மாலை ஐந்து மணிக்குப் பதுளையில், துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் நானாவின் சரக்குக் கிட்டங்கியில், வெளிச்சம் பட்டால் தகடு கெடுமென்று இருட்டிலேயே தடவிப் பார்த்தேன். உடையாமலிருந்தது ஒரே தகடு.

"ஒரு குருவிக்கா இவ்வளவு தூரம்?" என்றார் நானா. "எங்கட கூரையில நூறு இரிக்குது. இங்கயே புடிச்சிட்டுப் போங்களே!"

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு, ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழேயுள்ள சதுப்பில் கமரா முக்காலியை நட்டேன். கரையெங்கும் லயத்துப் பெண்களின் கீரையும் பூசணியும். தாய் ஆட்காட்டி கத்திக்கொண்டே என் தொப்பிமீது பாய்ந்தது. குஞ்சுகள் மண்கட்டிபோல் பதுங்கின. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, குறி பார்த்து, தகட்டைச் செருகிக் காத்திருந்தேன். ஒருவழியாகத் தாய் தரையிறங்கிச் சிறகை விரித்தது. நாலு குஞ்சும் உள்ளே புகுந்தன. ஒரு பறவைக்குப் பத்துக் கால்! படம் பிடிக்கும் ரப்பர்ப் பந்தை அழுத்தப் போனேன்.

"அளவுக்காரரு வந்துட்டாருடி! ஓடியாங்க!"

லயத்திலிருந்து எழுந்த இந்தக் கூச்சலில் பறவை பறந்துவிட்டது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லாத நாளாகையால் லயமே இறங்கி வந்து பாத்திகளின் முன்னே வரிசை கட்டியது. முன்னால் கையில் அரிவாளோடு மூக்காயி என்ற பெண்.

"போன மாசமும் நெலம் அளக்க இதே மூணு காலுதாங்க வந்துச்சு. மேல் லயத்துப் பாத்தி பூரா தேயிலையாப் போச்சு. இதையும் அளக்க விடமாட்டோம்!"

"நான் அளக்க வரவில்லை அம்மா. குருவியைப் படமெடுக்க வந்தேன்."

"குருவியவா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்கய்யா!"

கங்காணியும் வந்து சேர்ந்தார். "எந்தத் தொரை அனுப்புனாருங்க?" என்று பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவு அரிவாளைவிட மோசமாயிருந்தது. தலைக்கு மேலே ஆட்காட்டி வேறு விடாமல் கத்தியது.

இது கமராதான் என்று காட்ட ஒரே வழி இருந்தது. என்னிடம் ஒரே தகடும் இருந்தது.

"நில்லுங்கள். உங்களையே எடுக்கிறேன். படம் வந்து சேரும்."

மூக்காயி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பாத்தியோட எடுங்க. நாளைக்கு எவனாச்சும் யாருதுன்னு கேட்டா காட்டணும்."

எடுத்தேன். கொழும்பு நண்பர்களிடம், படத்தின் மூலையில் விழுந்த ஒரு கறுப்புக் கீறலை ஆட்காட்டி என்று சாதித்தேன். பிரதியொன்றை நானா துணி விற்கப் போகும்போது லயத்துக்குக் கொண்டுபோனார். பிறகு கொழும்பு வந்தவரிடம், மூக்காயி என்ன சொன்னாள் என்று ஆவலாய்க் கேட்டேன்.

"நல்லாப் பார்த்திச்சு. அப்புறம் சொல்லிச்சு, 'என் பாத்தி பாதிதான் விழுந்திருக்கு. பாவம், அந்தய்யா நெசமாவே அளவுக்காரரு இல்ல'ன்னு."