மிஸி நட்ட முந்திரிகை

ஆசுபத்திரிக் காவலாளி சைக்கிளைவிட்டு இறங்காமலே படலையில் நின்று சொன்னார்: "பரமேஸ்வரி மிஸி விடியப்புறம் கண்ணை மூடிட்டா." காய்ச்சல் கடுமை என்று தெரியும். இருந்தும் நானும் என் மனைவி சறோவும் நம்பாமல்தான் ஓடினோம். வன்னியில் அவருக்கு உறவென்று இருந்தது நாங்களும், அவரிடம் மருந்து வாங்கி, இன்று அவரை நினைக்கக் கூடியிருக்கும் நீங்களும்தான்.

ஆசுபத்திரியில் அவர் தாதி; நான் மருந்து கொடுப்பவன். தொண்ணூற்றைந்தின் யாழ்ப்பாண இடப்பெயர்வில் உரும்பிராயிலிருந்து தனியாளாகக் கடலேரி தாண்டி, உருத்திரபுரத்தில் எங்கள் வளவுக்கு வந்தார். கையில் ஒரு உடுப்புப் பை. கூடவே, ஈரச்சாக்கில் சுற்றிய முந்திரிகைத் தடிகள்; திராட்சைக் கொடியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

மறுநாளே கேட்டார்: "தம்பி, உந்த வளவில மழைத்தண்ணி எங்க நிக்கிறது?"

சறோவுக்குப் பொறுக்கவில்லை. "சாப்பாட்டுக்கு மரவள்ளி நடுவம் மிஸி. முந்திரிகை ஏன் இப்ப?"

"ஓம் பிள்ளை, மரவள்ளியும் நடுவம். ஆசைப்பட்டுத் தின்னவும் ஒண்டு வேணும்."

வயல்பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகவே வெயில் மறையாத மூலையில் மேடு கட்டி, மணலும் ஆட்டெருவும் கலந்து நட்டோம். பொருளாதாரத் தடையால் சிமெந்தும் கம்பியும் வன்னிக்குள் வராத காலம். பந்தலுக்குக் காட்டுத்தடிகளைக் கால்களாக ஊன்றினோம். மேலே கட்ட அவரே நார் முறுக்கிக் கயிறு திரித்தார்.

கொடி பந்தலைத் தொட்ட வருடமே ஷெல் விழத் தொடங்கியது. ஊரே சாமான் ஏற்றிக்கொண்டிருந்தது. இவர் கத்தியோடு கொடியடியில் நின்று தடி வெட்டிக்கொண்டிருந்தார். "மிஸி, வாங்கோ!" என்று கத்தினேன். திரும்பியும் பார்க்கவில்லை. "இந்தா முடிஞ்சுது. சாக்கைப் பிடியும்."

வற்றாப்பளையில் நாங்கள் ஒதுங்கிய ஓலைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தடிகளை மீண்டும் நட்டார். துளிர்த்ததை ஆடு அடியோடு கடித்தது. மிஸி பனையின் கருக்குமட்டையால் வேலி அடைத்துவிட்டு, வேலைக்குப் போகுமுன் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினார். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர் வந்தது. பந்தலும் நிறைந்தது, ஆனால் ஒரு பூவும் இல்லை. ஒருநாள் காலை, கிளைகளையெல்லாம் வெட்டி இலைகளை உருவிப்போட்டார்.

சறோ அழுதேவிட்டாள். "இவ்வளவு பாடுபட்டு வளத்திட்டு!"

"இலையைப் பாக்கவோ பிள்ளை வளத்தனாங்கள்?"

அடுத்து வந்த குருத்துகளில் பூ இருந்தது.

முதற்குலைகளை அவர் மலேரியா வார்டுக்குக் கொண்டுபோனார். கசக்கும் குளிசையை விழுங்கின பிள்ளைக்கு ஒரு பழம். குளிசையைத் துப்பிக்கொண்டே இருந்த கிழவர் ஒருவர் கேட்டார்: "பெரியாக்களுக்கும் உண்டோ மிஸி?"

"ஓம். வாயைத் திறந்து காட்டோணும்."

புளிப்பில் முகத்தைச் சுழித்தபடியே அவர் இன்னொன்றுக்குக் கை நீட்டினார். மிஸி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சேலைன் தீர்ந்த ஒரு நாள். வயிற்றோட்டத்தோடு ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். நான் அலுமாரியைக் காட்டி, "ஒண்டும் இல்லை மிஸி" என்றேன்.

"இல்லாததைப் பிறகு சொல்லும். என்ன இருக்குது?"

உப்பு இருந்தது. சீனி இருந்தது. கொதித்தாறிய தண்ணீரும் இருந்தது. கரண்டி கரண்டியாக அவரே பருக்கினார். பொழுதுபடும்போது அந்தப் பெண் எழுந்திருந்து பிள்ளையைக் கேட்டாள்.

மிஸி போனபின், ஆவணியில் கொடி வெட்டும் வேலையைச் சறோ எடுத்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது 'என்ன இருக்குது?' என்ற அந்தக் கேள்வி. நேற்றும் ஒரு தகப்பன் மருந்துக்கு வந்து நின்றார். "இல்லை" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அலுமாரியைத் திறந்து தேடத் தொடங்கினேன்.