ஏழாவது பித்தளைக் கால்

தெருமுனைத் தையல் கடைக்காரிக்கு முகத்துக்கு நேரே 'அக்கா' என்று பெயர், முதுகுக்குப் பின்னால் 'எண்ணிக்கைக்காரி'. துணியில் குண்டூசியை எண்ணிக் குத்துவாள், எண்ணி எடுப்பாள். பத்து போனால் பத்து வர வேண்டும். வராவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆள் வாசலில் கால் கடுக்க நின்றாலும் துணி கைமாறாது.

காரணம் இல்லாமல் இல்லை. கடை திறந்த முதல் வருஷம், பிடித்துத் தரச் சொல்லி வந்த ஒரு கோட்டில் குண்டூசி இருந்து, போட்டுப் பார்த்த அம்மாவின் விலாவில் ஏறிவிட்டது. அந்த அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இவளுடைய ஊசிகள் எல்லாம் வெள்ளைத் தலை, குத்தியதோ கறுப்புத் தலை. முன்னால் தைத்த யாரோ விட்டுவைத்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? அன்றிலிருந்து இரண்டு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தன் ஊசியை எண்ணுவது ஒன்று. வந்த துணியைப் புரட்டிப் போட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது இன்னொன்று.

கடையில் பூவேலை மெஷின் ஒன்று உண்டு. அதற்கு எழுத்தும் படமும் அனுப்ப ஒரு கம்ப்யூட்டர். கம்பெனியிலேயே மாட்டி, மூடி, அப்படியே வந்த சின்னப் பெட்டி. தையல் கடைப் பஞ்சு முழுவதையும் மூக்கால் உறிஞ்சி உறிஞ்சி, சூடேறி, பாதி எழுத்தில் படுத்துவிடும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் கொழுந்தன், புதிதாகவே வாங்கிவிடச் சொன்னான்.

"உள்ள இருக்கறது நல்லாத்தானே இருக்கு தம்பி? சட்டைதானே சரியில்ல. சட்டையை மாத்தினா போதும்" என்று சொல்லி, காற்றோட்டமான பெரிய பெட்டி ஒன்றை மட்டும் வாங்கி வந்தாள். மாற்றுவதும் தானே என்று அறிவித்தாள். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. தைத்தே வந்த அறுபத்திரண்டு வெள்ளைக் கோட்டு. ஒவ்வொன்றிலும் போட்டுக்கொள்பவரின் பெயர், திங்கட்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். இவள் வாழ்க்கையில் வந்த முதல் பெரிய ஆர்டர். இவ்வளவு வேலைக்குப் பழைய பெட்டி தாங்காது என்று சனிக்கிழமை காலையிலேயே அதைப் பிரித்துப் போட்டாள்.

உள்ளே எல்லாப் பாகங்களும் உட்கார்ந்திருக்கும் போர்டைப் பிடித்திருந்த திருகாணிகள் ஆறு. பட்டன் டப்பாவில் எண்ணிப் போட்டாள். புதுப் பெட்டியில் எண்ணி மாட்டினாள். ஆறு போச்சு, ஆறு வந்தாச்சு. பட்டனை அழுத்தினாள். ஒன்றும் இல்லை.

முதல் வில்லங்கம் சீக்கிரமே பிடிபட்டது. பழைய பெட்டியின் பவர் பட்டன் ஒயர்கள் ஒரே கட்டையான பிளக்கில் சேர்ந்து வந்தன. புதியதில் ஒவ்வொன்றும் தனித்தனி வால். எந்த வாலை எங்கே சொருகுவது என்று போர்டில் எழுதியிருக்கவில்லை. பழைய பட்டனிலிருந்து இரண்டு ஒயரையும் விரலால் பிடித்துக்கொண்டே போய், பிளக்கில் எந்த ஓட்டைகளில் முடிகின்றன என்று பார்த்தாள். சிக்கு விழுந்த நூலில் நுனி தேடுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அதே இடத்தில் புது வாலைச் சொருகினாள்.

இப்போது விசிறி சுற்றியது. இரண்டு வினாடி. நின்றது. மறுபடி இரண்டு வினாடி, மறுபடி நின்றது.

பேக்கரியில் ராத்திரி வேலை முடித்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார். "டாக்டருங்க கோட்டுல பேரு தைக்கச் சொன்னா நீ ஆபரேஷனே பண்ணிட்ட போலிருக்கே?"

அவள் சிரிக்கவில்லை. மெமரியைக் கழற்றிப் பார்த்தாள், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தாள், எல்லா ஒயரையும் பிடுங்கி மறுபடி குத்தினாள். அதே இரண்டு வினாடி. வேறு வழியில்லாமல் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"போர்டு போயிருக்கும் அண்ணி. போன வாரம் ஒரு கஸ்டமர் இப்படித்தான் பெட்டி மாத்தினாரு, இதே ரெண்டு செகண்டு. போர்டு செத்துப்போச்சுன்னு சொல்லி பெட்டியோட கடையிலயே எடுத்து வச்சிருக்கேன். சாயங்காலம் உங்களுக்கு ஒரு போர்டு கொண்டு வரேன்."

"போர்டு மாறினா பூவேலை சாஃப்ட்வேர் ஓடுமா?"

"அது கம்பெனிக்காரன்கிட்ட திரும்ப அனுமதி வாங்கணும். அவங்க திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் திறப்பாங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கோட்டு போக வேண்டும். அவள் போனை வைத்தாள். தன் கையாலேயே கெடுத்துவிட்டோமோ என்று நினைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, கோட்டுகள் வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, கரண்டு ஒயரை மட்டும் கொடுத்து, பட்டன் ஒயர் சொருகும் இரண்டு கம்பி முனைகளையும் திருப்புளியால் சேர்த்துத் தொட்டாள்.

விசிறி சுற்றியது. இரண்டு வினாடி, பத்து வினாடி, ஒரு நிமிஷம். நிற்கவே இல்லை.

"வெளிய நல்லா இருக்கு, உள்ள போனா படுத்துடுது" என்றாள்.

"எங்க பெரிய மாமா மாதிரி. வீட்டுக்குள்ள நுழைஞ்சாத்தான் அவருக்கு நெஞ்சு வலி வரும்" என்றார் கணவர்.

அவள் காதில் அது பாதிதான் விழுந்தது. காலியான புதுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை சரி. ஆனால் எண்ணியது எதை? தன் கையால் போட்டதை. பெட்டிக்காரன் போட்டு அனுப்பியதை எண்ணவே இல்லையே! புதுத் துணிதானே என்று தடவாமல் விட்டுவிட்டாள்.

பெட்டியைப் படுக்க வைத்து, போர்டு உட்காரும் தகட்டின் மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டினாள். போர்டு தகட்டில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டிக் குட்டிப் பித்தளைக் கால்கள் கையில் இடறின. ஆறு இருக்க வேண்டும். ஏழு இருந்தன. ஏழாவது கால், போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில், அதன் முதுகில் பற்றவைத்த ஈயப் புள்ளிகளில் முட்டி நின்றிருக்கிறது. கரண்டு வந்த உடனே போர்டு பயந்து அணைந்ததில் ஆச்சரியம் என்ன?

"கறுப்புத் தலை!" என்று கத்தினாள். கணவருக்குப் புரிய இரண்டு வினாடி பிடித்தது.

குறடால் அதைத் திருகி எடுத்தாள். போர்டை மாட்டி மூடினாள். பட்டனை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. பழைய பெட்டியின் விசிறியைக் காணோம் என்று கம்ப்யூட்டர் ஒரு புலம்பல் புலம்பியது. "அது கிடக்கு, நீ வா" என்று அவள் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டியதும் வழிக்கு வந்தது. அன்று மத்தியானமே முதல் கோட்டில் முதல் பெயர் ஏறியது. கண் கலங்கியதை மறைக்க அவள் நூல்கண்டைத் தேடுவதுபோல் குனிந்தாள்.

சாயங்காலம் போர்டும் கையுமாக வந்த கொழுந்தன், கடகடவென்று ஓடும் மெஷினைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் அந்தப் பித்தளைக் காலை அவன் கையில் வைத்து, எங்கே இருந்தது என்று காட்டினாள். அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். காபி கூட வேண்டாமென்று, கொண்டுவந்த போர்டோடு கிளம்பிப் போனான்.

அவமானப்படுத்திவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது.

"அண்ணி, அந்தக் கஸ்டமர் போர்டு..."

"ம்?"

"சாகல அண்ணி. அவரு பெட்டியிலயும் ஒண்ணு அதிகமா இருந்துச்சு."

மெஷின் முப்பதாவது கோட்டில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் சொல்கிறான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

"கண்ணால பார்த்தியா, கையால தடவினியா?" என்று கேட்டாள்.

"கையாலதான் அண்ணி" என்றான் கொழுந்தன்.