கறுப்புக்கு மட்டும் பளபளப்பு

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்கா, தன் கடைச் சுவருக்கு மூன்று ஓவியங்கள் கேட்டிருந்தார். நான் கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை பார்ப்பவள். சனி, ஞாயிறுகளில் அக்ரிலிக் வண்ணத்தில் வரைவேன். வரைந்து முடித்ததும் அவரே கிள்ளானிலுள்ள என் வீட்டுக்குப் பார்க்க வந்தார்.

இரண்டு ஓவியங்கள் காலை நேரத்துக் கடைத்தெரு. மூன்றாவது, மழை விட்ட ராத்திரி ரோடு. பாதிக்கு மேல் கறுப்பு.

"ரொம்ப நல்லாருக்கும்மா. இப்படியே குடுத்துருங்க."

"இன்னும் வார்னிஷ் அடிக்கணும்க்கா."

"ஐயோ, வேணாம் லா. பிளாஸ்டிக் மாதிரி ஆயிரும். இப்ப எவ்ளோ அமைதியா இருக்கு!"

அந்த அமைதி எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் கடையில் மத்தியானம் மீன் பொரிக்கும் புகைக்கு நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த தெருவிலிருக்கும் என் தங்கை வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போனேன். அங்கே சாமி மேடைக்கு மேல், நான் முன்பு வரைந்த தாமரைக் குளம் வார்னிஷ் இல்லாமல் தொங்குகிறது. சாம்பிராணிப் புகையில் வெள்ளைத் தாமரை தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. தங்கை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினாள். அழுக்கு கொஞ்சம்தான் வந்தது.

"நம்ம வெயிலுக்கு இந்த பெயிண்ட் லேசா இளகும்க்கா. தூசு, புகை எல்லாத்தையும் புடிச்சு வச்சுக்கும். வார்னிஷ் போட்டா அழுக்கு அதுக்கு மேலதான் உக்காரும். தொடச்சுரலாம்," என்றேன் கடைக்கார அக்காவிடம்.

அக்கா தாமரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "சரி, போடுங்க. ஆனா பளபளக்கக் கூடாது."

பளபளக்காத வார்னிஷும் இருக்கிறது. வாங்கி வந்து, முதலில் அதே நிறங்களைத் தீட்டிய ஒரு துண்டு கேன்வாஸில் பூசிப் பார்த்தேன். கடைத்தெருவின் மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருந்தன. கறுப்பு மட்டும் காய்ந்ததும் சாம்பல் பூத்துப்போனது. என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ராத்திரி ரோட்டுக்கு மட்டும் பளபளப்புதான் போடப்போறேன்க்கா. இல்லன்னா கறுப்பு செத்துப்போயிரும்."

"வரைஞ்சவங்க நீங்க. செய்ங்க."

மழையில்லாத ஒரு நாள் பார்த்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்றுக்கும் அகலமான பிரஷ்ஷால் வார்னிஷை மெல்லிசாக இழுத்தேன். பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொடவில்லை. தொட்டால் கோடு விழும்.

கடையில் மாட்டிய அன்று கடைத்தெரு ஓவியங்கள் இரண்டும் சுவரோடு சுவராகப் பொருந்திக்கொண்டன. ராத்திரி ரோட்டின் முன்னால் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"டியூப் லைட்டுதான் தெரியுது. ரோட்டையே காணோமே?"

உண்மைதான். எதிர்ச்சுவர் விளக்கு நேராக அதில் விழுந்தது. அது நான் யோசிக்காத விஷயம். கழற்றி, பக்கச் சுவரில், வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் பிடித்துக் காட்டினேன். வார்னிஷுக்கு அடியில் கறுப்பு ஆழமாகத் தெரிந்தது. ரோடு நனைந்தே கிடந்தது.

"இப்பத்தான் மழை பெஞ்ச மாதிரி இருக்கு," என்றவர், ஆணி அடிக்க ஆளைக் கூப்பிட்டார். மத்தியானக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. அவர் எனக்கும் ஓர் இலை போடச் சொன்னார். எனக்கு நல்ல பசி.